கதவை மூட வேண்டியவர் யார்?



ஒரு பாரத்தைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். சுமை என்ற பொருளில் அல்ல. அலுவலகத்தில் நாம் நிரப்பிக் கொடுக்கிறோமே, அந்தப் பாரம். பின்னால் அது எனக்குச் சுமையாகவும் ஆனது. அது வேறு கதை இல்லை, அதுதான் கதை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டார இளைஞர் முகாமுக்கு நான் செயலாளர். எனக்கு வயது இருபது. முகாமின் இரண்டாம் நாள், பேராக்கில் ஒரு மீனவக் கம்பத்திலிருந்து படகில் ஏறி, கண்டல் காட்டுக்குள் போய் வருவதாகத் திட்டம். பெற்றோருக்கு அனுப்பவும் கோப்பில் வைக்கவும் ஒரு பாதுகாப்புப் பாரம் இருந்தது. அதில் ஆறாவது கேள்வி: "படகில் செல்லும் அனைவருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா?" நான் "ஆம்" என்ற கட்டத்தில் கோடு போட்டேன். படகுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போட்டேனா? இல்லை. பற்றாக்குறை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அதனால் இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அன்று படகுத்துறையில் நாங்கள் 26 பேர். அங்கி 18. பெண் பிள்ளைகளுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் முதலில் கொடுத்தோம். நாங்கள் ஏற்பாட்டுக்குழுவினர் ஐந்து பேர் வேண்டாம் என்று ஒதுங்கினோம். அப்படியும் மூன்று தம்பிகளுக்குக் கிடைக்கவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயசுப் பசங்க. படகுக்காரர் பாக் சிக் சிரித்துக்கொண்டே "தாக் அப்பா, தாக் அப்பா" என்றார். எங்களோடு வந்த மூத்த அண்ணனும், "கரையோரமாத்தான் போவுது, ஒன்னும் ஆவாதுப்பா, ஏறுங்க" என்றார். நான் செயலாளர். வாயைத் திறக்கவில்லை. ஏறினோம்.

ஒன்றும் ஆகவில்லை. கழுகு பார்த்தோம், படம் பிடித்தோம், நனைந்த கால்சட்டையோடு திரும்பி வந்து மீ கோரேங் சாப்பிட்டோம். முகாம் அறிக்கையில் "சிறப்பாக நடந்தேறியது" என்று எழுதியவனும் நான்தான்.

கதவு திறந்தபடி போன கப்பல்

அடுத்த ஆண்டு சட்டப்படிப்பில் குற்றவியல் வகுப்பு. விரிவுரையாளர் ஒரு கப்பலின் பெயரைப் பலகையில் எழுதினார்: "ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்". கார், லாரி எல்லாம் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கிப்போகும் பெரிய ஃபெரி. நம் பழைய பினாங்கு ஃபெரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் திறந்த கடலில் போகவேண்டிய கப்பல் என்பதால் முன்புறம் மிகப் பெரிய இரும்புக் கதவுகள் உண்டு. வாகனங்கள் ஏறியதும் அவற்றை மூடியாக வேண்டும்.

1987 மார்ச் 6, வெள்ளிக்கிழமை மாலை. பெல்ஜியத்தின் ஸீபுருகே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குப் புறப்பட்டது அந்தக் கப்பல். பயணிகளும் பணியாளர்களுமாகச் சுமார் 540 பேர். ஒரு நாள் சுற்றுலாவாக, ஒரு பத்திரிகையின் மலிவுக் கட்டணச் சலுகையில் பெல்ஜியம் போய்த் திரும்பிய சாதாரணக் குடும்பங்கள் அதில் நிறைய. கப்பல் துறைமுகத்தின் வெளிச்சுவரைத் தாண்டி வேகம் எடுத்தது. முன்கதவுகள் அகலத் திறந்திருந்தன. வேகம் கூடக்கூட, முகப்பில் எழுந்த அலை நேரே வாகனத் தளத்துக்குள் பாய்ந்தது. அந்தத் தளம் குறுக்குச் சுவரே இல்லாத ஒரு நீண்ட மண்டபம் மாதிரி. உள்ளே வந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிச் சேர, கப்பல் அந்தப் பக்கமே சாய்ந்தது. ஒன்றரை நிமிடம்கூட இருக்காது. ஆழம் குறைந்த மணல்திட்டின் மேல் கப்பல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. பாதி உடல் தண்ணீருக்கு வெளியே. அது மார்ச் மாதக் கடல். அந்தக் குளிரில் நெடுநேரம் யாராலும் தாங்க முடியாது. 193 பேர் இறந்தார்கள். துறைமுகத்தின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்.

விரிவுரையாளர் பலகையில் ஒரு சங்கிலி வரைந்தார்.

கதவை மூடும் வேலை, தளப் பணியாளர்களின் உதவித் தலைவருக்கு. அவர் பராமரிப்பு வேலையை முடித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்ப் படுத்தார். அசந்து தூங்கிவிட்டார். புறப்பாட்டு அறிவிப்பு ஒலித்தபோதும் விழிக்கவில்லை.

அவருக்கு மேலே இருந்த பணியாளர் தலைவர், நம் ஊர்க் கணக்கில் மண்டோர் என்று வையுங்கள், வாகனத் தளத்திலிருந்து கடைசியாக வெளியே வந்தவர். கதவு திறந்திருந்தது. ஆனால் அதை மூடுவது அவர் வேலை என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அவர் மூடவில்லை.

முதன்மை அதிகாரி, கதவருகே ஆள் வந்துவிட்டார் என்று நம்பி மேலே போய்விட்டார். போகாமல் இருக்கவும் முடியாது. வாகனம் ஏற்றும் அதிகாரி புறப்படுவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்பே மேல்தளத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கவேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் எப்படி நிற்பது? தவிர, ஸீபுருகேயில் தாமதம் ஆகக்கூடாது, முன்கூட்டியே கிளம்பப் பாருங்கள் என்ற அழுத்தம் வேறு.

கேப்டன் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் முன்கதவு தெரியாது. மூடியாயிற்று என்று அவருக்கு யாரும் அறிக்கை தரும் வழக்கமும் இல்லை. பிரச்சினை இருந்தால் மட்டும் சொல்வார்கள். ஒன்றும் சொல்லவில்லையென்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். அதுதான் அந்தக் கப்பலின் நடைமுறை. அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேப்டன் கப்பலைக் கிளப்பினார்.

"இதில் குற்றவாளி யார்? வந்து சிலுவைக்குறி போடுங்கள்" என்றார் விரிவுரையாளர். வகுப்பில் பாதிப் பேர் தூங்கியவர் பெயரின் மேல் போட்டார்கள். சிலர் கேப்டன் மேல். நான் எழுந்து போகவில்லை. "ஒன்றும் சொல்லவில்லையென்றால் எல்லாம் சரி" என்ற அந்த ஒரு வரியிலேயே நான் நின்றுவிட்டேன். ஆறாவது கேள்வியும் நான் போட்ட கோடும் கண்முன் வந்து நின்றன.

ஏற்கெனவே தெரிந்த விஷயம்

பிறகுதான் அவர் சங்கிலியின் மேல்பாதியை வரைந்தார்.

அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பல், 1983 அக்டோபரில், டோவரிலிருந்து கதவுகளை மூடாமலே கிளம்பியிருக்கிறது. காரணம் என்ன தெரியுமா? அங்கும் மூடவேண்டியவர் தூங்கிவிட்டார். அன்று ஒன்றும் ஆகவில்லை. கதவு திறந்தபடி கப்பல்கள் கிளம்பிய வேறு சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றில் சில நிர்வாகத்துக்கே தெரியும். மற்ற கேப்டன்களுக்கு எச்சரிக்கை போகவில்லை.

1985-இல் ஒரு கேப்டன் எழுத்து மூலமாகவே கேட்டார்: கதவு மூடியிருக்கிறதா இல்லையா என்று காட்டும் ஒரு விளக்கைக் கட்டுப்பாட்டு அறையில் பொருத்தித் தாருங்கள் என்று. கரையிலிருந்த மேலாளர்கள் அந்தக் கடிதத்தைச் சுற்றுக்கு விட்டு, ஆளுக்கொரு கிண்டல் எழுதிச் சேர்த்தார்கள். கதவை மூடுகிறவன் விழித்திருக்கிறானா, தெளிவாக இருக்கிறானா என்று பார்ப்பதற்கும் இவர்களுக்கு விளக்கு வேண்டுமா என்கிற தொனியில். விளக்கு வரவில்லை. விபத்துக்குப் பின், மற்ற கப்பல்களில் அதே விளக்கு சில நாட்களில் பொருத்தப்பட்டது. சில நாட்களில் முடிகிற வேலைதான் அது.

நீதிபதி ஷீன் தலைமையில் விசாரணை நடந்தது. தூங்கியவர் தன் தவறை மறைக்கவில்லை, வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கேப்டனின் சான்றிதழ் ஓராண்டுக்கும், முதன்மை அதிகாரியின் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்கும் நிறுத்திவைக்கப்பட்டன. ஆனால் அறிக்கை அவர்களோடு நிற்கவில்லை. நிறுவனத்தின் உச்சி முதல் அடி வரை அலட்சியம் ஒரு நோயாகப் பரவியிருந்தது, இயக்குநர் அவையினரும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள் என்று சொன்னது. நம் கப்பல்களின் பாதுகாப்புக்கு என்ன உத்தரவு போடவேண்டும் என்ற கேள்வியை அவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளவே இல்லை என்றும் சொன்னது.

அதே ஆண்டு மரண விசாரணையில் நடுவர் குழு, இவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றே தீர்ப்புச் சொன்னது. நிறுவனத்தின் மேலும் ஏழு தனிநபர்கள் மேலும் வழக்கு வந்தது. 1990-இல் லண்டனில் விசாரணை. ஒரு நிறுவனத்தின் மேல் இந்தக் கொலைக்குற்றம் சாட்ட முடியும் என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். அது பெரிய விஷயம். ஆனால் அன்றைய சட்டப்படி, நிறுவனம் குற்றவாளி ஆகவேண்டுமானால் அதன் "மூளை" என்று சொல்லத்தக்க ஓர் உயர் அதிகாரி தனியாகவே குற்றவாளி ஆகவேண்டும். பலர் செய்த சிறுசிறு தவறுகளைக் கூட்டி ஒரு பெருங்குற்றம் என்று காட்ட முடியாது. மேலே போகப்போக, "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்பதே அவர்களுக்கு அரணாகிவிட்டது. வழக்கு விழுந்தது.

193 உயிர். கொன்றவர் என்று சட்டத்தின் முன் ஒருவரும் இல்லை.

"அவங்க நேரம்"

இதை வீட்டில் சொன்னபோது பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டி பட்டர்வொர்த்காரர். அவருக்கு ஃபெரி என்றாலே 1988 ஜூலை 31தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாமில் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழா, பினாங்குத் தீவில் சீனர்களின் குவான் யின் விழா. பட்டர்வொர்த் படகுத்துறையில் தாங்கமுடியாத கூட்டம். மக்கள் நிரம்பி நின்ற மேல்தளம் இடிந்து கீழே நின்றவர்கள் மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள், ஆயிரத்து அறுநூறுக்கும் மேல் காயம். அது கப்பல் மூழ்கிய விபத்து அல்ல. ஆனால் ஃபெரிக்காகக் காத்து நின்ற சனம்தான். பாட்டி அன்று வீட்டிலிருந்து கிளம்பத் தாமதமானதால் போகவில்லை.

"என்ன செய்றது அய்யா, அவங்க நேரம். எனக்கு நேரம் வரல" என்றார்.

பாட்டியோடு நான் வாதாடவில்லை. உயிர் தப்பியவர் தன் நன்றியைச் சொல்லும் விதம் அது. துக்க வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் நண்பர்களே, அதே வார்த்தையை ஒரு மேலாளர் சொன்னால்? படகுக்காரர் சொன்னால்? செயலாளர் சொன்னால்?

கர்மா என்ற சொல்லை நாம் சமயவகுப்பில் சின்ன வயதிலிருந்தே கேட்கிறோம். அதற்கு முதல் அர்த்தமே செயல். என் செயல், அதன் பலன், அதற்கு நான் பொறுப்பு. அது என்னைப் பார்த்து நான் பிடிக்க வேண்டிய கண்ணாடி. அதைத் திருப்பி, செத்துப்போன இன்னொருவர் பக்கம் பிடித்து, "உன் வினை, நீ போனாய்" என்று சொல்வது சமயம் ஆகாது. விளக்கு போடாதவர் தப்பிக்கும் வழி அது.

இன்னொன்றும் யோசித்தேன். கீதையின் நான்காம் அத்தியாயத்தில், செயலின்மைக்குள் செயலைக் காண்கிறவனே அறிவுடையவன் என்று கண்ணன் சொல்கிறார். அதற்குப் பெரியவர்கள் ஆழமான ஞான விளக்கமெல்லாம் தந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த சின்ன அர்த்தம் இது: சும்மா இருப்பதும் ஒரு செயல். அன்று படகுத்துறையில் நான் ஒன்றும் செய்யவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. மூன்று பிள்ளைகளை அங்கி இல்லாமல் ஏற்றிவிட்டேன். என் வாய் மூடியிருந்தது. அதுதான் நான் செய்தது.

பாண்டியன் சொன்னதும் கேட்காததும்

நிறுவனத்துக்கு உடல் இல்லை, சிறையில் போட முடியாது. ஆன்மா இல்லை, மறுபிறப்பு என்று பயமுறுத்தவும் முடியாது. அப்படியானால் பொறுப்பு எங்கே போய் நிற்கும்? சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் சிலப்பதிகாரத்துப் பாண்டியன்.

கோவலன் சாவையும் ஒரு சங்கிலியாக வரையலாம். பொய் சொன்னவன் பொற்கொல்லன். வாளை வீசியவன் ஒரு முரட்டுக் காவலாளி. மற்ற காவலர்கள், இந்த ஆளைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே என்று தயங்கியும் தடுக்கவில்லை. நடுவில் அரசன், ராணியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று ஓர் உத்தரவைப் போட்டுவிட்டு நடந்துவிட்டான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்தபோது அவன் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். "பொற்கொல்லன் என்னை ஏமாற்றினான்; காவலாளி அவசரப்பட்டான்; எனக்கு யாரும் சொல்லவில்லை." மூன்றும் உண்மையும்கூட. அவன் ஒன்றையும் சொல்லவில்லை. கள்வன் நானே என்று தன்மேல் எடுத்துக்கொண்டான். அந்த இடத்திலேயே உயிரையும் விட்டான்.

இதை நாம் மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். பேசவேண்டியதுதான். "மூளை யார்" என்று தேடிக் களைத்த அந்த நீதிமன்றத்தில் இப்படி ஒருவர் எழுந்து நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்? ஆனால் நாம் மேடையில் விட்டுவிடுகிற பாதி ஒன்று உண்டு. பாண்டியன் உயிரை விட்டதால் கோவலன் எழுந்து வரவில்லை. மதுரையும் எரிந்தது. அவன் முன்னாலேயே ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "அவனை என்னிடம் கூட்டி வாருங்கள், அவன் என்ன சொல்கிறான்?" பின்னால் உயிரையே கொடுத்த அரசன், முன்னால் ஒரு கேள்வி கொடுக்கவில்லை.

பொறுப்பு என்பது விபத்துக்குப் பிறகு தலை குனிவது மட்டும் இல்லை. முன்னாலேயே கேட்பது. எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோமோ அவ்வளவு அதிகமாகக் கேட்கவேண்டும். ஏனென்றால் உயரத்துக்குக் கெட்ட செய்தி தானாக ஏறி வராது. கீழே இருப்பவர் பயத்தில் சொல்லமாட்டார், சொன்னால் கிண்டல் செய்கிறார்கள் என்று அடுத்த முறை விட்டுவிடுவார். "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று மேலே இருப்பவர் சொன்னால், நாம் திருப்பிக் கேட்கவேண்டியது ஒன்றுதான்: "நீங்க கேட்டீங்களா?"

"அப்படின்னா தூங்கினவரு மேல தப்பே இல்லியா?" என்று ஒரு தோழி கேட்டாள். இருக்கிறது. அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் மனிதன் தூங்குவான். என்றாவது ஒரு நாள் யாராவது தூங்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்; 1983-இலேயே நடந்து காட்டிய விஷயம். ஒரு மனிதனின் தூக்கத்தில் இத்தனை நூறு உயிர் தொங்கும்படி ஏற்பாடு செய்தது யார் என்பதுதான் பெரிய கேள்வி.

"இப்படி எல்லாத்துக்கும் தலைவரைப் பிடிச்சா, யாரு பதவிக்கு வருவா?" என்றும் கேட்டார்கள். இது நியாயமான கேள்வி. நம் இயக்கங்களில் ஏற்கெனவே பதவிக்கு ஆள் கிடைப்பதில்லை. ஆனால் எல்லாத் தவறுக்கும் தலைவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. நேர்மையாகக் கேட்டு, பார்த்து, எண்ணி, அப்படியும் தவறு நடந்தால் அது வேறு. கேட்காமலே இருந்தவர் அறியாமையைக் காட்டித் தப்பக்கூடாது என்பதே என் வாதம்.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம்தான் வருகிறது. பிரிட்டனில் 2007-இல் நிறுவனக் கொலைக்குற்றத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. உயர் நிர்வாகம் வேலையை ஒழுங்கு செய்த விதமே பெரும் தவறாக இருந்தால், ஒற்றை "மூளை"யைத் தேடாமல் நிறுவனத்தைக் குற்றவாளியாக்கலாம். ஸீபுருகேயிலிருந்து இருபது ஆண்டு. அதிலும் தண்டனை பெரும்பாலும் அபராதம்தான். காசோலையில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. நம் நாட்டில், 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. முதலாளிக்கான உச்ச அபராதம் ஐம்பதாயிரம் வெள்ளியிலிருந்து ஐந்து லட்சம் வெள்ளி ஆனது. இயக்குநர்களும் நிர்வாகிகளும் தனிப்பட்ட முறையிலும் பதில் சொல்லவேண்டி வரலாம். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்னால் மட்டும் போதாது, தடுக்கத் தன்னால் ஆன எல்லாக் கவனத்தையும் எடுத்ததையும் காட்டவேண்டும். இது நல்லது. உங்களில் பலர் தொழிற்சாலையிலும் கட்டுமானத்திலும் கிடங்கிலும் வேலை செய்கிறீர்கள்; இந்தச் சட்டம் உங்களுக்காக. படித்து வையுங்கள்.

ஆனால் என் பாரத்தை எந்தச் சட்டமும் தொடாது. யாரும் சாகவில்லையே.

ஓராண்டு கழித்து

அந்த வகுப்பு முடிந்து சில வாரம் எனக்கு நிம்மதி இல்லை. கடைசியில் அந்த மூன்று தம்பிகளில் ஒருவனுடைய வீட்டுக்குப் போனேன். மற்ற இருவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இவன் வீட்டுக்கு மட்டும் நேரில் போக முடிந்தது. அவன் அம்மா மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். பாரத்தில் "ஆம்" என்று போட்டது, அங்கி குறைந்தது, அவர் மகன் அங்கி இல்லாமல் போனது, எல்லாவற்றையும்.

பரவாயில்லை தம்பி, ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்கத்தான் போயிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் அப்படிச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அந்தப் பாரத்தைப் படிச்சிட்டுத்தான் தம்பி நான் கையெழுத்து போட்டேன்" என்றார். அப்புறம், "அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றார். என்னிடம் பதில் இல்லை. "மன்னிச்சிடுங்க ஆன்ட்டி" என்றேன். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கோபமாகவும் பேசவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த வருசம் முகாமுக்கு அதையெல்லாம் யாரு எண்ணுறா?"

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு குழுக் கூட்டத்துக்குப் போனேன். எழுந்து நின்று, சென்ற ஆண்டுப் பாரத்தில் நான் போட்டது பொய் என்று சொன்னேன். மூத்த அண்ணனுக்கு முதலில் பிடிக்கவில்லை. "பழசை ஏன்பா கிளர்ற, பேரு கெட்டுப்போவும்" என்றார். நீண்ட பேச்சு. கடைசியில் அவரே, "நானும் ஏறுங்கன்னு சொன்னேன்ல" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எளிதாக இருந்திருக்காது. அவர்மேல் எனக்கு அன்றுதான் மரியாதை கூடியது.

பாரத்தை மாற்றினோம். ஆறாவது கேள்வி இப்போது "உண்டா?" என்று கேட்பதில்லை. "எத்தனை பேர்? எத்தனை அங்கி? எண்ணியவர் பெயர் என்ன? எப்போது எண்ணினார்?" என்று கேட்கிறது. படகுத்துறையில் வைத்துத்தான் நிரப்பவேண்டும், அலுவலகத்தில் உட்கார்ந்து அல்ல. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் படகு கிளம்பாது. முகாமில் ஆகச் சின்னப் பிள்ளை சொன்னாலும் நிறுத்தவேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தோம். சென்ற முகாமில் அப்படி ஒரு சிறுமி, தன் அங்கியின் வார் அறுந்திருக்கிறது என்று கை தூக்கினாள். வேறு அங்கி வரும்வரை இருபத்தைந்து நிமிடம் வெயிலில் காத்திருந்தோம். பசங்க முணுமுணுத்தார்கள். பாக் சிக் "தாக் அப்பா" என்றார். நாங்கள் காத்திருந்தோம்.

நண்பர்களே, உங்களில் சிலர் நாளை மேலாளர் ஆவீர்கள், கோயில் நிர்வாகத்தில் இருப்பீர்கள், சொந்தத் தொழில் நடத்துவீர்கள். தைப்பூசத்துக்குப் பேருந்து ஏற்பாடு செய்வீர்கள், பந்தல் போடுவீர்கள், அன்னதானத்துக்கு எரிவாயு உருளை வாங்குவீர்கள். ஒவ்வொன்றிலும் மூடவேண்டிய ஒரு கதவு இருக்கும். அது உங்கள் வேலை இல்லாமலும் இருக்கலாம். கடைசியாக அந்த வழியே நடந்து வருகிறவர் நீங்களாக இருந்தால், ஒரு நிமிடம் நின்று, "இதை மூட யார் வர்றா?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் நீங்களே மூடுங்கள். யாராவது உங்களிடம் ஒரு விளக்கு கேட்டால், சிரிக்காமல் போட்டுக் கொடுங்கள்.

அந்தப் பழைய பாரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. புதிய செயலாளர் பொறுப்பேற்ற அன்று, முதலில் அதைத்தான் அவரிடம் காட்டினேன்.